நடுவில் நிற்கிறவர்

மூணாறு டாப் ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் கீழே தெரியும் தேனிச் சமவெளியைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஒரு காலத்தில் அந்தச் சரிவில் ரோப்வே ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து. 1877-இல் பூஞ்சார் ராஜாவிடம் மன்றோ என்ற துரை குத்தகைக்கு வாங்கிய மலை அது. பின்னால் கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி, அதற்குப் பிறகு டாடா. முதல் ஸ்காட்லாந்துடையது, மண் திருவிதாங்கூருடையது, உழைப்பு தமிழருடையது.

துரைக்கும் கொழுந்து எடுக்கிறவளுக்கும் நடுவில் கங்காணி நின்றார். ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தவரும் அவரே, காட்டில் வேலை வாங்கியவரும் அவரே. மேலிருந்து உத்தரவு தடையில்லாமல் இறங்கியது. கீழிருந்து குறை ஏறிப்போக அவர் மனம் வைக்கவேண்டும். கங்காணி காலம் முடிந்தபின் அந்த இடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர்கள் வந்தார்கள். 2005-இல் டாடா டீ தோட்டங்களைக் கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸிடம் ஒப்படைத்தபோது தொழிலாளிகளே பங்குதாரர்கள் ஆனார்கள். அதைப் பெரிய காரியம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

2015 செப்டம்பரில் அதே கம்பெனியில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது. அன்று தினக்கூலி 232 ரூபாய். தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் லயங்களை விட்டு இறங்கி மூணாறு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. பிறகு கூலியும் 301 ஆனது. பெம்பிளை ஒருமை என்ற அவர்கள் இயக்கத்தின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. பணம் மட்டுமல்ல, தங்கள் பெயரில் பிறர் பேசிவந்ததே அவர்களை அதிகம் சுட்டது. பங்குப் பத்திரம் கையில் இருந்தும் சொல்ல வேண்டியதை ரோட்டில் உட்கார்ந்துதான் சொல்ல முடிந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்க, வேற்று மண்ணில் தொழில் நடத்துகிறவர்கள் அந்த ஊர்ச் சாப்பாடு, பண்டிகை, மரியாதை எல்லாம் பழகிக்கொள்கிறார்கள். நல்லதுதான். கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு சாயங்காலம் நிற்பதற்கு அது ஈடாகாது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், அப்போது கொழுந்து எடுத்தவள் முகம் எப்படிப் போகிறது என்பதை எந்த அறிக்கையும் மேலே கொண்டுபோகாது.

இப்போது இடுக்கித் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நடுவில் மறுபடி ஒருவர், ஏஜென்ட், நிற்கிறார். போடியில் இருந்துகொண்டு மலையில் ஏலத்தோட்டம் நடத்தும் நம்மவர்கள், அந்த ஆட்களில் எத்தனை பேரிடம் நேரில் பேசியிருக்கிறார்கள்?