ஏமாந்த உடலும் ஒரு தாயின் கேள்வியும்

வேலப்பன்சாவடியில் வீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில், மூதாட்டி ஒருவர் ஈயச் சொம்பில் வைத்த இரசத்தை எனக்குப் பரிமாறினார். "அந்தக் காலத்துச் சொம்பு சாமி. இந்த மணம் வேறு எதிலும் வராது" என்றார். உண்மைதான். நம் பாட்டிமார் ஈயம் என்று சொன்னது வெள்ளீயத்தை, அதனால் தீங்கில்லை. ஆனால் காரீயமும் ஈயமே. கலப்படக்காரன் இரண்டையும் சேர்த்துவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. புளியின் புளிப்போ காரீயத்தைக் கரைத்து இரசத்தில் இறக்கிவிடும். பெயரிலும் நிறத்திலும் ஒற்றுமை. ஒன்று மணம், மற்றது நஞ்சு.

அன்று அந்தச் சொம்பு எனக்கு வேறொரு தாயை நினைவூட்டியது. அவருடைய கணவர், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையொன்றில் பல ஆண்டுகள் உழைத்தவர். அவர் சட்டையில் ஒட்டி வந்த தூசியை இவர் நாள்தோறும் துவைத்தார். இன்று பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. இரத்தத்தில் காரீயம் மிகுந்திருக்கிறது என்றும், கருவிலிருந்தபோதே தாயின் எலும்பிலிருந்து ஒரு பங்கு சென்றிருக்கலாம் என்றும் மருத்துவர் கூறியிருக்கிறார். "அப்படியானால் நான்தானே சாமி கொடுத்தேன்?" என்று கோயில் முற்றத்தில் நின்று கேட்டார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.)

அக்கேள்விக்கு விடை தேடியே சற்று வேதியியல் படித்தேன். சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் காரீயமும் உடலுக்குள் ஒரே அளவு மின்னேற்றம் தாங்கித் திரிகின்றன; பருமனிலும் ஓரளவு நெருங்கியவை. கால்சியத்துக்கென்று குடலில் திறக்கும் கதவு காரீயத்துக்கும் திறக்கிறது. இரும்புச் சத்தை ஏற்கும் வாயிலும் அப்படியே. எலும்பு அதைத் தன் பிள்ளையாகவே ஏற்றுப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொள்கிறது. கருவுற்ற காலத்தில், குழந்தையின் எலும்பை உருவாக்கத் தாயின் எலும்பு தன் கால்சியத்தைக் கரைத்துக் கொடுக்கும்போது, ஒளிந்திருந்த காரீயமும் உடன் செல்கிறது. நரம்புகளில் கால்சியம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அது செய்யும் குழப்பத்தையே நாம் பிள்ளையின் மந்தம் என்கிறோம்.

இதில் என்னை உறுத்தியது மற்றொன்று. கால்சியமும் இரும்பும் குறைந்த உடலே காரீயத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது. நிறைந்த வயிற்றைவிடப் பசித்த வயிற்றில் அது எளிதில் புகுகிறது. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் பாலும் ஒழுங்காகக் கிடைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓரளவு காவல் இருக்கிறது. கிடைக்காத வீட்டுப் பிள்ளைக்கு இல்லை. அளவும் சமநிலையும் எல்லாத் தாதுக்களுக்கும் உண்டு. தருமபுரிப் பக்கம் குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் பழுத்ததையும் எலும்பு வளைந்ததையும் அறிவோம். ஆயினும் காரீயத்துக்கு நன்மை தரும் அளவென்று ஒன்று இல்லை.

இது ஏதோ ஒரு பட்டறைத் தெருவின் துன்பம் மட்டுமன்று. நமக்கு அருகிலுள்ள போரூர் இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினரும் பங்குகொண்ட ஆய்வொன்று 2009இல் வெளியாயிற்று. சென்னையின் 3 முதல் 7 வயதுவரையான 756 பள்ளிக் குழந்தைகளின் இரத்தத்தில், டெசிலிட்டருக்குச் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறதென்று தேடித் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி.

மனிதன் தீமையைத் தீமையென்று விரும்புவதில்லை, நன்மையின் சாயலில்தான் விரும்புகிறான் என்பது புனித தாமஸ் அக்வினாசின் போதனை. குருமடத்தில் இதை மனப்பாடம் செய்தபோது மனத்தைப் பற்றியே எண்ணினேன். எலும்புக்கும் பொருந்துமென்று தோன்றவில்லை. ஆனால் எலும்புக்குச் சாயலைச் சோதித்தறியும் மனச்சான்று இல்லை. அறியவே வழியில்லாத அறியாமை குற்றமாகாது என்று அறநெறி இறையியல் கூறுகிறது. எனவே அத்தாயிடம், "அம்மா, உன்மீது குற்றமில்லை" என்று தயங்காமல் சொன்னேன்.

அறியக்கூடியவர்களின் கணக்கு வேறு. பெட்ரோலில் காரீயம் சேர்க்கத் தொடங்கிய காலத்திலேயே, 1924இல், நியூஜெர்சி ஆலையொன்றில் தொழிலாளர் ஐவர் புத்தி பேதலித்து இறந்தனர். அப்படியிருந்தும் நம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஸ்கூட்டரும் ஆட்டோவும் அதைக் கக்குவது 2000ஆம் ஆண்டில்தான் சட்டப்படி முடிவுக்கு வந்தது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021இல்.

உள்ளே புகுந்ததைப் பிடுங்கி எறியலாமே என்போர் உண்டு. மருந்து இருக்கிறது, ஆனால் அதுவும் சாயல் பார்த்தே பிடிக்கிறது, காரீயத்தோடு உடலுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் இழுத்துச் செல்கிறது. களையோடு கோதுமையும் பிடுங்கப்படுமே என்று வேலையாட்களைத் தடுத்த நற்செய்தி உவமையின் வீட்டுத் தலைவரை நினைத்துக்கொண்டேன். ஆகவே நஞ்சு மிக அதிகமாக இருந்தால் மட்டுமே மருத்துவர் அம்மருந்தைத் தொடுகிறார். மற்றவர்க்குத் தூசியை நிறுத்துவதும் உணவைச் சீராக்குவதும்தான் வழி.

இனி என் கணக்கு. பங்கு இல்லத்து இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு முன் தெருவில் வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றேன். கடைக்காரர் கொடுப்பதைவிட இருநூறு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. பழையதை விற்பனையாளரிடமோ சேகரிப்பு நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டுமென்று 2001 முதலே விதி உண்டு. படித்தவன் நான், தேடியிருந்தால் தெரிந்திருக்கும். அது எந்தப் பட்டறையில் உடைந்தது, யார் சட்டையில் தூசியாயிற்று என்று கேட்கவில்லை. கோயில் முற்றத்தில் அத்தாய்க்கு ஆறுதல் கூறியபோது அந்த இருநூறு ரூபாய் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போதுள்ள பேட்டரிக்கு வயது மூன்று முடிகிறது.