பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்

நம் ஆலிம்களிடம் மஸ்அலா கேட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் உளூவைப் பற்றியும் தலாக்கைப் பற்றியுமே கேட்பார்கள். ரமளான் பிறந்துவிட்டால் ஊசி போட்டால் நோன்பு முறியுமா என்பார்கள். விற்றதைப் பற்றியும் வாங்கியதைப் பற்றியும் கேட்க வருகிறவர்கள் அரிது. ஃபிக்ஹு கிதாபுகளில் வியாபாரப் பாடம் எத்தனையோ பக்கங்களுக்கு நீண்டு கிடந்தும் இதுதான் நிலை. ஓதுகிற காலத்தில் எங்களுக்கே அந்தப் பாடம் வந்தால் கண் சொக்கும். ஒட்டகம், மடி கட்டிய ஆடு, பேரீச்சங்குலை என்று உதாரணங்கள் எல்லாம் எங்கோ தூரத்தில் இருக்கும்.

ஆகையால், சில மாதங்களுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, கூட்டம் கலையும்வரை தூணோரம் காத்திருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்து, “ஹஜ்ரத், ஒரு ஜீப்பு விஷயமாக் கேக்கணும்” என்றபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்து வாசகர்களுக்கு ஜீப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விடியுமுன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறும். மாலையில் இறங்கும். தார்ச்சாலை வரையில் எந்த வண்டியும் போகும். தோட்டத்துக்குள் இருக்கும் கல்லும் சேறுமான பாதையில், அதுவும் மழைக்காலத்தில், நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் வேண்டும். புது வண்டிக்கு எல்லாரிடமும் பணம் இல்லை. எனவே பழைய ஜீப் கைமாறிக்கொண்டே இருக்கும். நான்கு கை, ஐந்து கை மாறிய வண்டிகள் இன்னும் மலையேறிக்கொண்டிருக்கின்றன.

பெரியவர் தம்முடைய ஜீப்பை விற்றிருந்தார். அந்த வண்டியில் கியர் லிவருக்குப் பக்கத்தில் நான்கு சக்கரத்துக்கான லிவர் உண்டு. அதில் ‘லோ’ என்று ஒரு நிலை. செங்குத்தான ஏற்றத்தில் பாரத்தோடு ஏறவும், அதைவிட முக்கியமாக, இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கவும் அதைப் போடுவார்கள். இவருடைய வண்டியில் அந்த ‘லோ’ நிற்காது. சமதரையில் போட்டால் நிற்கும். மலையில் பாரம் கூடியதும் தானாகவே தெறித்து வெளியே வந்துவிடும். அப்படி வந்து நடுவில் நின்றுவிட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இருக்காது. வண்டியை நிறுத்த பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

வாங்க வந்தவர் மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் எஞ்சினைக் கேட்டார், புகையின் நிறத்தைப் பார்த்தார், சேஸிஸில் வெல்டிங் இருக்கிறதா என்று கீழே படுத்துப் பார்த்தார். கடைவீதியில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மலைக்கு ஓட்டவில்லை. பெரியவர், “பழைய வண்டி, பார்த்து எடுத்துக்கங்க, பின்னாடி ஒண்ணும் சொல்லக்கூடாது” என்றார். அவர்களும் சம்மதித்துப் பணத்தைக் கொடுத்தார்கள். அந்தப் பணம் மகள் நிக்காஹ்வுக்குச் செலவாகிவிட்டது.

“நான் பொய் சொல்லலே ஹஜ்ரத். அவங்க கேக்கலே, நான் சொல்லலே. இது குத்தமாகுமா?” என்றார்.

கேள்வி ஜீப்பைப் பற்றியதன்று. மௌனம் பொய்யாகுமா என்பதே கேள்வி. உண்மையாகச் சொல்வதானால் உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏனெனில் அவருடைய வாதத்தில் சட்டத்தின் வலு கொஞ்சம் இருந்தது.

நம் ஹனஃபி மத்ஹபில், எந்தக் குறைக்கும் தான் பொறுப்பில்லை என்று விற்பவர் நிபந்தனை இட்டு, வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டால் அந்த வியாபாரம் செல்லும். ஒவ்வொரு குறையையும் பெயர் சொல்லி எண்ண வேண்டும் என்பதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில் இந்த வாசல் மிகக் குறுகலானது. மிருகத்தில் மறைந்திருக்கும் குறை, அதுவும் விற்பவருக்கே தெரியாதிருந்த குறை, இதற்கு மட்டுமே அந்த நிபந்தனை பயன்படும். மற்றப் பொருள்களில் பயன்படாது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் மிருகத்தை மட்டும் பிரித்ததற்குக் காரணம் உண்டு. அது நோயிலும் தின்னும், சுகத்திலும் தின்னும், அதன் தன்மை மாறிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பது உடையவனுக்கே தெரியாமல் போகும். பழைய எஞ்சினும் ஏறக்குறைய அப்படித்தானே என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடிற்று. துணியைவிட அது மிருகத்துக்கே நெருக்கம். ஆனால் அந்த நினைப்பும் பெரியவருக்கு உதவாது. அவருக்குக் குறை தெரியுமே!

இந்த இடத்தில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வரும் ஒரு வழக்கைப் பெரியவரிடம் சொன்னேன். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள், குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அடிமைக்கு நோய் இருப்பதாகவும் அதைத் தம்மிடம் சொல்லவில்லை என்றும் வாங்கியவர் முறையிட்டார். வழக்கு கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போயிற்று. விற்கும்போது தமக்குத் தெரிந்த நோய் எதுவும் அவனிடம் இருக்கவில்லை என்று சத்தியம் செய்யும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவன் குணமடைந்து 1500 திர்ஹத்துக்கு விலைபோனான் என்பது வேறு செய்தி. நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தும் கலீஃபா அதோடு நிற்கவில்லை. உனக்குத் தெரியுமா தெரியாதா என்றே கேட்டார்கள்.

“அந்தச் சத்தியத்தை நீங்கள் செய்வீர்களா, பாய்?” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹனஃபி கிதாபுகளும் நிபந்தனை செல்லும் என்று சொல்வதோடு விட்டுவிடவில்லை. தெரிந்த குறையை மறைப்பது ஹலாலன்று, அது மோசடி என்று அதே பாடத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தம் செல்வது வேறு, பாவம் இல்லாமல் போவது வேறு. காஜியின் முன் வெல்கிற ஒருவன் அல்லாஹ்வின் முன் தோற்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான் நம்மில் நல்ல தொழுகையாளிகளும்கூட வியாபாரத்தில் தடுமாறுகிறார்கள்.

குறை என்பது என்ன? வியாபாரிகளிடையே விலையைக் குறைக்கக்கூடியது எதுவோ அது குறை என்பது ஹனஃபி அறிஞர்களின் அளவுகோல். விலையைக் குறைப்பதோடு, வாங்குபவரின் நியாயமான நோக்கத்தைக் கெடுப்பதும் குறை என்று ஷாஃபிஈ அறிஞர்கள் கூட்டிச் சொல்வார்கள். ஜீப்புக்கு இந்த இரண்டாவது அளவு அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. மதுரைக்குள் அரிசி மூட்டை ஏற்றுகிறவருக்கு ‘லோ’ நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? மலையேறுகிறவருக்கு அதுதான் வண்டி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற நபித்தோழர் பக்கத்தில் நிற்க, ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். வாஸிலா (ரலி) ஏதோ கவனமாக இருந்துவிட்டார்கள். பார்த்தால் வாங்கியவர் ஒட்டகத்தோடு போய்விட்டிருந்தார். பின்னாலேயே ஓடிக் கூப்பிட்டு, இறைச்சிக்கா, சவாரிக்கா என்று விசாரித்தார்கள். சவாரிக்கு என்றார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருப்பதைத் தாம் கண்டதாகவும் தொடர்ந்து நடக்க அதனால் இயலாதென்றும் வாஸிலா (ரலி) தெரிவித்தார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹம் குறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீர்களே என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் தாங்கள் பைஅத் செய்திருப்பதை வாஸிலா (ரலி) எடுத்துரைத்தார்கள்.

அவர்கள் முதலில் கேட்டது குளம்பைப் பற்றியன்று, எதற்காக வாங்குகிறாய் என்பதைத்தான். இறைச்சிக்கென்றால் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டே அன்று. இன்னொன்றும் உண்டு. வாஸிலா (ரலி) விற்றவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர். தெரிந்தவர், அவ்வளவுதான். நம் ஊர்களில் வண்டித் தரகர்கள் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, தெரிந்ததை எல்லாம் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள். வண்டியைப் பல வருடம் பழுது பார்த்த மெக்கானிக், “எனக்கெதுக்கு வம்பு” என்று ஒதுங்கிக்கொள்கிறார். இந்த ஹஜ்ரத்துக்களை எல்லாம் வாஸிலா (ரலி) அவர்களின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

“எல்லாக் குறையையும் சொன்னா யார் வாங்குவா? சொல்லாதவன் வண்டிதானே விக்கும்?” என்று பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உண்மை சொல்கிறவனுக்குக் கையில் குறைவாகவே கிடைக்கும். நான் அதை மறுக்கவில்லை. அந்த 100 திர்ஹம் குறையத்தான் செய்தது. ஆனால் அது முதலிலேயே விற்றவருக்கு உரியதாக இருந்ததா? நல்ல குளம்புள்ள ஒட்டகத்தின் விலையை ஓட்டைக் குளம்புக்கு வாங்கினால், மிச்சத்தொகை எந்தப் பொருளுக்கு வந்தது?

எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதிலும் அளவு உண்டு. கிழிந்த சீட்டும் தேய்ந்த டயரும் வாங்குபவரின் கண்ணுக்கே தெரியும், அவற்றைச் சொல்லாததில் குற்றமில்லை. மறைந்திருப்பதும், தெரியாதபடி மறைக்கப்படுவதுமே பேச்சு. மறைப்பதில் இன்றைய கைவரிசைகள் பல. வாங்குகிறவர் வருமுன் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது, ஏனென்றால் காலையில் குளிர்ந்திருக்கும்போது அது எடுக்கத் தகராறு செய்யும். கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்குவது. மீட்டரைத் திருப்பி வைப்பது. துருவின் மேல் பெயின்ட் அடிப்பது. செலவு மிச்சமென்று முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு லிவரை மட்டும் அழகாக விட்டுவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆட்டின் மடியைக் கட்டிப் பாலைத் தேக்கி, அதிகம் கறப்பதுபோல் காட்டி விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தானியக் குவியலுக்குள் கையை விட்டு அடியில் ஈரத்தைக் கண்டபோது, அதை மேலே வைக்காததற்காக அந்த வியாபாரியைக் கண்டித்து, மோசடி செய்கிறவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று அறிவித்தார்கள். மழையில் நனைந்துவிட்டதென்று அவர் சொன்ன காரணம் பொய்யன்று. ஈரம் அடியில் இருந்ததுதான் குற்றமாயிற்று. சூடாக்கி வைத்த எஞ்சின் மடி கட்டிய ஆடு அல்லாமல் வேறென்ன?

வாங்குகிறவர் மாற்று மதத்தவராக இருந்தால் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கும் சிலரும் நம்மிடையே உள்ளனர். மோசடி யாருக்குச் செய்தாலும் ஹராம். அதில் பேச்சே இல்லை.

வாங்குகிறவர்கள் பக்கமும் சிறிது சொல்ல வேண்டும். இல்லாத குறையை அடுக்கி விலையை இடிப்பதும் மோசடியே. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக 300 திர்ஹத்துக்குக் குதிரை ஒன்று வாங்கப்பட்டபோது, அது இன்னும் அதிகம் பெறும் என்று விற்றவரிடம் தாமே சொல்லி, 800 வரை உயர்த்திக் கொடுத்தார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும் நல்ல வண்டியை நல்லது என்று ஒப்புக்கொள்ளலாம். ஷரீஅத் தந்திருக்கும் மூன்று நாள் கியாரை நம்மவர்கள் ஏனோ பயன்படுத்துவதில்லை. பிடிக்காவிட்டால் மூன்று நாளுக்குள் திருப்பித் தருவேன் என்று பேசும்போதே நிபந்தனை வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் அதிகாலையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒருநாள் பாரத்தோடு மலை ஏற்றி இறக்கட்டும். முன்புற கிரவுன் ஆயிலை இறக்கி, பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நான்கு டயரும் ஒரே அளவுதானா என்றும் பார்க்க வேண்டும். அளவு மாறிய டயரோடு நான்கு சக்கரத்தையும் போட்டு ஓட்டினால் உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் கெட்டுவிடும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுவதைத் தள்ளிப் போடவே கூடாது. பெயர் மாறாதவரை விபத்துக்கான நஷ்டஈடு பதிவில் உள்ள பழைய உடைமையாளரின் தலையில்தான் விழும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

பெரியவரிடம் திரும்புகிறேன். பணத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அவருக்கு ஃபோன் போட்டு ‘லோ’ நிற்காது என்பதைச் சொல்லுங்கள் என்றேன். அந்த வண்டியில் எத்தனை பெண்கள் ஏறி இறங்குகிறார்களோ! அவர் தயங்கினார். பணத்தைத் திருப்பிக் கேட்டால் எங்கே போவது என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் புரிந்தது. பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தி, மூன்றாம் முறை பேசினார்.

வாங்கியவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. மூன்றாம் நாளே தோட்டத்து இறக்கத்தில் தெறித்துவிட்டதாம். டிரைவர் பிரேக்கிலேயே பிடித்து இறக்கியிருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகும் ‘லோ’ இல்லாமலே இரண்டு மாதம் ஆள் ஏற்றிவிட்டு, இப்போதுதான் பழுது பார்த்திருக்கிறார்.

இங்கே மஸ்அலா திரும்பிவிட்டது. குறை தெரிந்த பிறகும் பொருளைத் தம் தேவைக்குத் தொடர்ந்து பயன்படுத்தினால் அந்தக் குறையைப் பொருந்திக்கொண்டதாக ஆகும். திருப்பித் தரும் உரிமை போய்விடும். திருப்பிக் கொடுப்பதற்காக மிருகத்தின் மேல் ஏறிச் செல்வது மட்டும் அதில் சேராது என்று விதிவிலக்குச் சொல்வார்கள். இரண்டு மாதம் ஆள் ஏற்றியது திருப்பிக் கொடுக்கச் சென்ற பயணம் அன்று. ஆக, சட்டப்படி பெரியவர் எதுவும் தர வேண்டியதில்லை. இதைச் சொன்னதும் அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மறைத்தது மறைத்ததுதான், அதற்கு அவரிடமே மன்னிப்பைப் பெற வேண்டும், அவர் மனம் எதில் சமாதானமாகுமோ அதில் ஸுல்ஹு செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னேன். மலர்ந்த முகம் மறுபடி வாடிற்று. ஆனால் மறுநாளே போனார்.

பழுது பார்க்க 18,000 ரூபாய் ஆகியிருந்தது. அவசரத்தில் மலைக்கு ஓட்டிப் பார்க்காமல் வாங்கியது தம் தவறும்தான் என்று வாங்கியவர் சொல்லிவிட்டாராம். பாதித் தொகை போதும் என்று பேசி, மாதம் 3,000 வீதம் மூன்று தவணையாகத் தர ஒப்புக்கொண்டு வந்தார். இரண்டு தவணை கொடுத்தாகிவிட்டது. மூன்றாவது, வரும் மாதம் ஏலக்காய்ப் பணம் வந்ததும் தருவதாக இருக்கிறார்.