யானை நுழையாத வாசல்

தமிழில் எழுதுகிறவனுக்கு ஏஜென்ட் என்றதும் எல்.ஐ.சி. ஏஜென்ட்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே எழுத்தாளனுக்கும் பதிப்பாளருக்கும் நடுவில் ஆள் கிடையாது. பிரதியை நேரில் கொடுப்போம், அட்டைப்படத்துக்காகப் போனில் சண்டை போடுவோம். ராயல்டி பத்து சதவீதம் என்பது பெரும்பாலும் வாய்ப்பேச்சு. சென்னைப் புத்தகக் காட்சியில் டீ குடித்தபடி அதைத் தயங்கித் தயங்கிக் கேட்போம்.

ஆங்கிலத்துக்குப் போகிற புத்தகத்தின் கதை வேறு. பெருமாள்முருகனின் 'பூக்குழி', அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பில், 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. அதன் பிறகு தமிழ் நாவல் வைத்திருக்கிற எல்லோருக்கும் லேசாக ஒரு நப்பாசை. ஆனால் லண்டனிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் வழியாக வராத பிரதியைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. உள்நாட்டு விற்பனையில் பதினைந்து சதவீதம், வெளிநாட்டு விற்பனையில் இருபது என்பது அந்தத் தொழிலின் வழக்கமான கமிஷன். விற்றால்தான் அவருக்கும் காசு. அப்படி எனக்கும் ஓர் ஏஜென்ட் அமைந்தார். சில வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். பிறகு பிரிந்தோம்.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. முதல் புத்தகத்தைக் கௌரவமான இடத்தில் விற்றுக் கொடுத்தவர். இரண்டாவது நாவலில்தான் முட்டிக்கொண்டது. அதில் ஒரு கிழவி தன் தம்பி வீட்டுச் சொத்துத் தகராறை விடிய விடியச் சொல்லிக்கொண்டிருப்பாள். நாவலே அந்தப் புலம்பலின் நிழலில்தான் நிற்கிறது என்பது என் கட்சி. அந்த அத்தியாயத்தில் எடிட்டர்கள் தூங்கிவிடுவார்கள், எடுத்துவிட்டால் மூன்று இடத்தில் கேட்பார்கள் என்பது அவர் கட்சி. இரண்டு பேருமே புத்தகத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திருவானைக்காவலில் குடியிருப்பவனுக்கு இந்த வழக்கு புதிதல்ல. இந்தக் கோயிலின் கதையே அதுதான்: வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின்மேல் சருகு விழக்கூடாதென்று சிலந்தி நூலால் விதானம் கட்டியது. காவிரி நீரைத் துதிக்கையில் கொண்டுவந்து திருமஞ்சனம் செய்த யானைக்கு அது ஒட்டடையாகத் தெரிந்தது; துடைத்தெறிந்தது. சிலந்தி மறுபடி கட்ட, யானை மறுபடி அழிக்க, கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடித்தது. இரண்டும் மாண்டன. பெரியபுராணம் கோச்செங்கட்சோழ நாயனார் வரலாற்றை இங்கேதான் தொடங்குகிறது. இதில் கெட்டவர் யாரும் இல்லை. பக்தி ஒன்று, பணிவிடை இரண்டு. ஒன்றின் பணிவிடை மற்றதன் கண்ணுக்குக் குப்பை.

நானும் அவரும் அந்த அளவுக்குப் போகவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தபடி எழுத்தில் நோட்டீஸ், குறிப்பிட்ட நாள் கழித்து விடுதலை. ஆனால் இந்த விடுதலை முழுதானதல்ல. விவாகரத்துக்குப் பிறகும் ஜீவனாம்சம் உண்டு. அவர் விற்றுக்கொடுத்த புத்தகம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும்வரை கமிஷன் அவருக்குத்தான். ராயல்டி கணக்கும் அவர் வழியாகத்தான் வரும். விற்காமல் கிடக்கும் உரிமைகள், அதாவது மற்ற மொழி, ஒலிப்புத்தகம், சினிமா எல்லாம் யாருக்கு என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அவற்றை எழுத்தில் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். பிரதி யார் யாரிடம் போனது என்ற பட்டியலையும் கேட்டு வாங்க வேண்டும். ஒரு பதிப்பகம் ஒருமுறை மறுத்த பிரதியை அதே இடத்துக்கு எடுத்துப்போக அடுத்த ஏஜென்ட் விரும்ப மாட்டார்.

எனக்கு அந்தப் பட்டியல் எக்செல் தாளாக வந்தது. எடிட்டர் பெயர், அனுப்பிய தேதி, பதில் என்று மூன்று பத்தி. மூன்றாவதில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு. சில கட்டங்களில் மட்டும் ஒரு வரி: நடை நன்றாக இருக்கிறது, நீளம் அதிகம். தேதிகளைப் பார்த்தபோதுதான், என் போனை எடுக்காத மாதங்களிலும் அந்த மனிதர் புத்தகத்தைச் சுமந்து அலைந்திருக்கிறார் என்று தெரிந்தது. கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிதான் ஆபத்து.

சிலந்தியின் கதை சாவோடு முடியவில்லை அல்லவா? அதுதான் கோச்செங்கட்சோழனாகப் பிறந்தது. ஊர் ஊராகச் சிவன் கோயில் எழுப்பினான். யானை ஏற முடியாதபடி உயர்ந்த தளத்தின்மேல் கட்டிய மாடக்கோயில்கள் அவன் பெயரில் நிற்கின்றன. ஆனைக்காவிலும் கருவறை வாசல் குனிந்து போகிற அளவுதான். சுவாமியை முன்னாலிருந்து ஒன்பது துளைச் சாளரம் வழியாகத்தான் பார்க்க வேண்டும். ஜென்மம் மாறியும் யானையை மறக்கவில்லை.

பிரிந்து வந்த எழுத்தாளனுக்கும் இந்த வியாதி வரும். இனி எவனையும் நம்புவதில்லை என்று ஒரு சபதம். எடிட்டர் ஒரு காற்புள்ளியைத் தொட்டாலும் அதில் துதிக்கை தெரியும். வெட்டச் சொன்ன அத்தியாயத்தைவிட நீளமாக ஓர் அத்தியாயத்தை வீம்புக்கு எழுதத் தோன்றும். எனக்கும் கை துறுதுறுத்தது. அடுத்த புத்தகத்தை வாசகனுக்காக எழுதாமல் பழைய ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்வதற்காக எழுதினால், பிரிந்த பிறகும் அவரிடமே வேலை பார்ப்பதாகத்தான் அர்த்தம்.

இந்த இடத்தில் ஆர்.கே. நாராயண்தான் எனக்கு வழிகாட்டி. முதல் நாவல் எங்கும் விலைபோகாமல், ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணாவிடம், அதைக் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடச் சொன்னவர். நண்பர் அதை கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். 1935-ல் 'சுவாமியும் நண்பர்களும்' ஹாமிஷ் ஹாமில்டன் வெளியீடாக வந்தது. விற்கவில்லை; அடுத்த நாவலை அவர்கள் எடுக்கவில்லை. 1937-ல் நெல்சன், 1938-ல் மேக்மில்லன் என்று மூன்று நாவலுக்கு மூன்று வீடு மாறினார். உலகப் போரில் லண்டன் தொடர்பு அறுந்தபோது மைசூரில் 'இந்தியன் தாட்' என்ற பெயரில் சொந்தமாகப் பதிப்பித்தார். 'மால்குடி டேஸ்' 1943-ல் அப்படி வந்ததுதான். அதற்காக லண்டனுக்குக் கதவைச் சாத்திவிடவில்லை. 1945-ல் 'தி இங்கிலீஷ் டீச்சர்' மறுபடி அங்கேதான் வெளியானது. சொந்தக் கடையையும் மூடவில்லை. கைவிட்டவர்கள்மேல் கோபம் இருந்திருக்கலாம். மால்குடியின் தெருக்களில் அது தட்டுப்படுவதில்லை.

இன்று தமிழிலும் சொந்த வீடு கட்டியவர்கள் உண்டு. எஸ். ராமகிருஷ்ணனுக்கு தேசாந்திரி இருக்கிறது. ஜெயமோகன் நூல்கள் விஷ்ணுபுரம் பதிப்பகத்தில் வருகின்றன. அவர்களுக்கென்று வாசகர் கூட்டம் இருக்கிறது. என்னைப் போன்றவன் அதைச் செய்தால் பார்சல் கட்டவும் கூரியருக்கு அலையவுமே பொழுது போய்விடும். தனியாக நிற்பது வீரம்தான், ஆனால் எழுதும் நேரத்தைத்தான் அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் வாசலைச் சின்னதாக வைத்தது தப்பா? இல்லை. அந்தக் கோயிலே பதில் சொல்கிறது. யானை கருவறைக்குள் நுழைய முடியாது. ஆனால் கோயிலில் யானை உண்டு. அகிலா என்று பெயர். அர்ச்சகர் புடவை கட்டிக்கொண்டு அம்மன் சன்னதியிலிருந்து சுவாமி பூஜைக்குப் போகும் உச்சிக்காலத்தில் அவளும் உடன் போவாள். அவள் குளிக்கத் தனியாகக் குளமே கட்டியிருக்கிறார்கள். யானையை வெறுத்த கோயில் அல்ல இது, அது எதுவரை வரலாம் என்று தீர்மானித்த கோயில்.

நான் வேறோர் ஏஜென்ட்டிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இம்முறை ஒரு புத்தகத்துக்கு மட்டும் ஒப்பந்தம். பதிப்பகம் என் பங்கை எனக்கு நேராக அனுப்ப வேண்டும். பிரதி போகும் இடமெல்லாம் அவ்வப்போது எனக்குத் தெரிய வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்காத உரிமை தானாக என்னிடம் திரும்ப வேண்டும். அத்தியாயத்தை வெட்டச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு; வெட்டுவது என் கையில். கிழவியின் புலம்பலைக் கோபம் இல்லாமல் ஒருமுறை படித்துப் பார்த்தேன். இரண்டு பக்கம் உண்மையிலேயே அதிகம்தான், எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.