எண்ணெய்க் குப்பி

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மரபீரோவில் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைக் குப்பி இருக்கிறது. திருகு மூடி. திறந்தால் மூடியோடு சேர்ந்து ஒரு சின்னக் கரண்டி வெளியே வரும். 303 என்று நம் ஜனங்கள் சொல்லும் லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியில், தோளில் ஊன்றும் கட்டையின் அடியில் ஒரு பொந்து குடைந்திருப்பார்கள். குழலைத் துடைக்கும் கயிறும் இந்தக் குப்பியும் அதற்குள் இருக்கும். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு; மறுமுனை வளையத்தில் துணியைச் செருகிக் குழல் வழியாக இழுக்க வேண்டும். கயிறு இப்போது இல்லை. பள்ளிக்கூட நாட்களில் அதைப் பம்பரத்துக்கு எடுத்துத் தொலைத்தவன் நான்.

துப்பாக்கியும் இல்லை. அது சர்க்கார் சொத்து. பட்டாளத்தை விட்டு வரும்போது ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அந்தக் குழல் அளவு நம் நாட்டில் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்டதும்கூட. அமெரிக்காவிலும் கனடாவிலும் பாட்டன் வைத்திருந்த யுத்தகாலத் துப்பாக்கி பேரனுக்கு வந்து சேர்வது உண்டு. அதன் பூர்வீகத்தை ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு பயிற்சி வளர்ந்திருக்கிறது. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் கிரீடக் குறி, தொழிற்சாலைப் பெயர், வருஷம் எல்லாம் பதித்திருக்கும். வங்காளத்து ஈஷாப்பூரில் செய்ததா, இங்கிலாந்தில் செய்ததா என்று அதிலிருந்து சொல்லிவிடலாம். குழலிலும் தாழிலும் உள்ள எண்கள் ஒன்றுதானா என்று பார்த்து எந்தப் பாகம் பின்னால் மாற்றப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள். பாதுகாப்பதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, இரும்புக்குப் புதுச் சாயம் ஏற்றாதே. அழகுபடுத்தினால் குறிகள் அழிந்துவிடும்.

இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பொருளின் முன் நம் ஆசையை ஒதுக்கி வைக்கச் சொல்கிறது அது. ஆனால் அந்த ஆராய்ச்சி ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. செய்தவன், சோதித்தவன், பழுது பார்த்தவன் எல்லோரும் இரும்பில் குறி போட்டிருக்கிறார்கள். குழலின் மறுபக்கத்தில் நின்றவனுக்கு மட்டும் குறி இல்லை. ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று 50 சிப்பாய்கள் 1650 ரவை சுட்டார்கள் என்பது சர்க்கார் கணக்கு. அந்தக் கணக்கைப் பற்றித் தகராறு இல்லை. ரவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கும் சாமான். செத்தவர்கள் 379 பேர் என்ற சர்க்கார் கணக்குத்தான் இன்றுவரை தகராறில் இருக்கிறது.

குப்பியின் வேலை என்ன என்று யோசித்தபோதுதான் இதன் தீவிரம் எனக்கு உறைத்தது. அந்தக் காலத் தோட்டாவின் மருந்தில், வெடித்தபின் ஒரு வகை உப்பு குழலுக்குள் தங்கிவிடும். ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அதனால் சுட்டு முடித்த சிப்பாய் கொதிக்கும் தண்ணீரைக் குழலில் ஊற்றிக் கழுவி, துணியை இழுத்துத் துடைத்து, இந்தக் குப்பியிலிருந்து எண்ணெய் விட வேண்டும். நடந்து முடிந்த சூட்டின் தடயத்தை அழித்து அடுத்த சூட்டுக்குத் தயாராக்குவதுதான் சிப்பாயின் பராமரிப்பு. சரித்திரக்காரனுடைய பராமரிப்பு இதற்கு நேர் எதிரானது. தடயம் போகாமல் காப்பது. வீட்டில் நாம் முன்னோர் சாமான்களைக் காப்பது இந்த இரண்டில் எந்த வகை?

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேர் அந்த யுத்தத்துக்குப் போனார்கள். தாத்தா இங்கிருந்தே பட்டாளத்தில் சேர்ந்து பர்மா முனைக்குப் போனார். வேலை இல்லை, சம்பளம் வரும் என்பதைத் தவிர வேறு காரணம் அவர் சொன்னதில்லை. அவர் தம்பி மலேயா ரப்பர் தோட்டத்தில் இருந்தார். 1943 இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் பிரிட்டிஷ் படை சரணடைந்தபோது கீழே வைத்த துப்பாக்கிகளில் ஒரு பகுதிதான் அந்த ராணுவத்தின் கைக்கு வந்தது. 1944 இல் இம்பால் பக்கம் இரண்டு தரப்பிலும் இந்தியர்கள். இரண்டு தரப்பிலும் அதே துப்பாக்கி, அதே குப்பி. அண்ணனும் தம்பியும் 1946 இல் ஊர் திரும்பினார்கள். குப்பி அவர்களில் ஒருவரோடு வந்தது. அம்மா தாத்தா கொண்டுவந்தார் என்பாள். அத்தை, இல்லை, சித்தப்பாதான் என்பாள். கேட்க வேண்டியவர்களை யாரும் கேட்கவில்லை. குப்பியின் மேல் இருப்பது ஓர் அம்புக்குறி. சர்க்கார் சொத்து என்பதற்கு அடையாளம். எந்தக் கை அதை எடுத்துவந்தது என்று அது சொல்லாது.

தம்பி மகன் புது வீடு கட்டியிருக்கிறான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. குப்பியைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தான். 'நேதாஜி படையில் எங்கள் முன்னோர் ஏந்தியது' என்று சீட்டும் எழுதியாகிவிட்டது. நான் மறுத்தேன். "பெரியப்பா, வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்டவர் குப்பின்னு எழுதச் சொல்லுதீங்களா?" என்று கேட்டான்.

அவன் ஏக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில்தான் நெல்கட்டும்செவல், புலித்தேவனின் கோட்டை இருந்த ஊர். பாளையக்காரர் யுத்தங்கள் முடிந்ததும் 1801 டிசம்பரில் இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறிக்கக் கும்பெனி சர்க்கார் பிரகடனம் போட்டது. ஆயுதம் பறிக்கப்பட்டவனின் சந்ததிக்கு ஒரு குப்பியாவது நம் பக்கத்து ஆயுதமாக இருந்தால் தேவலை என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதற்காகத் தாத்தாவை அழிக்க வேண்டியிருக்கிறது. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். அத்தனை வீடுகளிலும் இந்தச் சங்கடம் இருக்க வேண்டும். 1972 இல் வந்த தியாகிகள் ஓய்வூதியம் தம்பிக்குக் கிடைத்தது. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தையும் சேர்த்துத்தான் நாம் வாரிசாகப் பெற்றிருக்கிறோம்.

இருவருமே வீரர்கள் என்று சொல்லிச் சமாதானமாகிவிடலாம். மேடையில் அது எடுபடும். என்னைப் பொறுத்தவரை அதுவும் புளி போட்டுத் தேய்ப்பதுதான். அண்ணன் படையும் தம்பி படையும் ஒன்றையொன்று சுட்டன என்ற விஷயம் அதில் கழுவிப் போய்விடுகிறது. பெயர் தெரியாத மூன்றாமவன், குழலின் மறுபக்கத்தில் நின்றவன், அவனுக்கும் அதில் இடமில்லை. ஆயுத பூஜைக்கு அம்மா அரிவாள்மனையோடு குப்பிக்கும் சந்தனம் வைப்பாள். கருவி என்ன செய்தது என்று அந்தப் பூஜை கேட்பதில்லை. அம்மாவுக்கு அது போதும். எழுதுகிறவனுக்குப் போதாது.

தம்பி மகனுக்கு நான் வேறொரு சீட்டு எழுதிக் கொடுத்தேன்: '303 துப்பாக்கியின் எண்ணெய்க் குப்பி. 1946 இல் இந்த வீட்டுக்கு வந்தது. கொண்டுவந்தவர், எதிரெதிர்ப் படைகளில் இருந்த அண்ணன் தம்பி இருவரில் ஒருவர்.' வாசித்துவிட்டு, வருகிறவர்களுக்கு இதை யார் விளக்கிக்கொண்டிருப்பது என்றான். நியாயமான கேள்வி. விளக்கத்தான் வேண்டியிருக்கும் என்றேன். குப்பி மறுபடி என் பீரோவுக்கே வந்துவிட்டது. சீட்டை அதன் அடியில் வைத்திருக்கிறேன். புளி பட்டதில் அம்புக்குறியின் ஒரு கோடு மங்கிவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் இன்னும் தெரிகிறது.