மேலே நிற்பவரின் கடன்



திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேர்ச் சில்லில் ஒரு கன்று அகப்பட்டு இறந்த கதையை நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. அது ஓடி வந்ததையும் காணவில்லை. பிராயச்சித்தம் செய்தால் போதும் என்றார்கள் அமைச்சர்கள். அரசன் அதை ஏற்கவில்லை. தேரில் உயர இருந்தவனுக்குக் கீழே போகும் உயிரைக் காணும் கடமை இருந்தது.

சில்க்போர்க்கில் கூரை மாற்றும் வீடுகளைக் கடந்து போகும்போது இந்தக் கதை எமக்கு நினைவு வருகிறது. வீட்டைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கும் (நாம் உடுக்கும் சாரம் அல்ல). மேலே வேலை செய்பவர் சுத்தியலைப் பலகையில் வைத்துவிட்டுத் திரும்புகிறார், கால் தட்டுகிறது. 20 மீற்றர் உயரத்திலிருந்து அது விழ இரண்டு வினாடி போதும். நிலத்தை எட்டும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். "கவனம்!" என்று கத்தினால் கீழே நிற்பவர் அண்ணாந்து பார்ப்பார். அது இன்னும் மோசம்.

இப்படி ஒருவர் அடிபட்டால் "தலைவிதி" என்று சொல்லி ஆறிக்கொள்வது எம்மவர் வழக்கம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருக்கலாம். ஆனால் சுத்தியலை ஓரத்தில் வைத்தவர் அதையே சொன்னால் அது ஆறுதல் அல்ல, நழுவல்.

தலைக்கவசம் போட்டால் போதாதா என்று கேட்கலாம். கட்டாயம் போடத்தான் வேண்டும். 1933 முதல் 1937 வரை அமெரிக்காவில் கோல்டன் கேற் பாலம் கட்டியபோதே அதைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் தலைக்கவசம் மேலே இருப்பவரின் பிழையைக் கீழே இருப்பவரின் தலையில் சுமத்துகிறது. தோளையும் முதுகையும் அது காப்பதுமில்லை. 1992 ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பணிப்புரை இதை உணர்ந்தே எழுதப்பட்டது: இயன்ற இடமெல்லாம் விழும் பொருட்களிலிருந்து எல்லோரையும் ஒருசேரக் காக்கும் ஏற்பாடே வேண்டும் என்கிறது. சாரத்தின் ஓரத்தில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிறுத்தும் ஒரு பலகை, வலை, கருவியை இடுப்போடு இணைக்கும் கயிறு, கீழே தடுப்பு. இவ்வளவுதான். டென்மார்க்கின் 1975 ஆம் ஆண்டு வேலைச்சூழல் சட்டம் பொறுப்பை முதலில் முதலாளியிடம் வைக்கிறது. தொழிலாளியும் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்கிறது.

சோழனின் நீதி கன்று இறந்த பின்னர் வந்த நீதி. பசு வந்து மணியை அடித்த பிறகே அரசனுக்குத் தெரிந்தது. அந்தச் சிறு பலகையோ மணி அடிக்க வேண்டிய தேவையே வராமல் பார்த்துக்கொள்கிறது. யாரும் அதைப் புகழ்வதில்லை, ஏனென்றால் அது காப்பாற்றிய ஆள் இன்னார் என்று எவருக்கும் தெரியாது.

ஆலயத் திருப்பணியில் முதலாளி என்று ஒருவர் இல்லை, எல்லோரும் தொண்டர்கள். "சாமி காரியம், ஒன்றும் நடக்காது" என்று ஏணியில் ஏறுகிறோம். கீழே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அடுத்த திருவிழாவுக்குத் தோரணம் கட்ட ஏறும்போது குறட்டைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வோம். பிள்ளைகள் வராமல் பார்க்க ஒருவர் கீழே நிற்கட்டும். அவரும் ஏணிக்கு நேர் கீழே நிற்க வேண்டாம்.