உடம்பு வணங்கும் இடம்

விடிகாலையில் நடக்கப் போகிறவரை ஊர் மெச்சுகிறது. ஏழு மணிவரை போர்வைக்குள் கிடப்பவனை ‘உடம்பு வணங்காதவன்’ என்று வீடு ஏசுகிறது. மெச்சலுக்கும் ஏச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான். மனத்திடம் உள்ளவன் உடம்பை அசைக்கிறான், இல்லாதவன் கிடக்கிறான் என்ற நம்பிக்கை அது. எத்தனையோ பேரைத் தங்கள் உடம்பைப் பார்த்துத் தாங்களே கூசும்படி அது செய்திருக்கிறது. அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

1940களின் இறுதியில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராயத் தொடங்கினார். இருவரும் ஒரே வண்டியில் போகிறவர்கள், ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஓட்டுநர் பணிநேரம் முழுக்க இருக்கையிலேயே இருப்பார். நடத்துநர் கீழ்த்தளத்தில் சீட்டுக் கொடுத்து முடித்துவிட்டு, ஓடும் வண்டியின் குறுகிய வளைபடியில் கம்பியைப் பிடித்தபடி மேலே ஏறுவார். அங்கே காசு வாங்கிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்துக்குள் மறுபடி கீழே வந்தாக வேண்டும். இப்படி ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். 1953இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியாயின. நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தபோதும் பிந்தி வந்தது, உயிரைப் பறித்ததும் குறைவு. அவர்கள் ஆரோக்கியத்துக்காகச் சங்கல்பம் செய்துகொண்டு படியேறவில்லை. மேல்தளத்திலும் பயணிகள் இருந்தார்கள், அவர்களுக்குச் சீட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மோரிஸ் இதோடு நிற்கவில்லை. பணியாளர்களின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்து 1956இல் இன்னொரு கட்டுரை வெளியிட்டார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு எல்லா வயதிலும் பெரிதாக இருந்தது, இளைஞர்களிடமும்கூட. அப்படியானால் இருக்கைதான் அவர்களைப் பருக்க வைத்ததா, பருத்த உடம்புக்காரர்கள் இருக்கையைத் தேடிப் போனார்களா? தம் முடிவின் மேல் எழக்கூடிய கேள்விக்குத் தாமே ஆதாரம் எடுத்து வைத்த அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு. ஏழு நாடுகளில் 37,000 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஓய்வுநேரத்தில் உடற்பயிற்சி செய்வதில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ பரம்பரையால் வருகிறது என்றது அது. அமெரிக்காவில் தியடோர் கார்லண்ட் என்ற உயிரியலாளர் 1993 முதல் ஒவ்வொரு தலைமுறையிலும் சக்கரத்தில் அதிகம் ஓடும் எலிகளையே தேர்ந்து இனம்பெருக்கினார். அந்த வம்சம் இன்று சாதாரண எலிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஓடுகிறது. யாரும் விரட்டுவதில்லை, ஓடுவது அவற்றுக்குப் பிடித்திருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று சோற்றுத் தட்டு முன்னால்கூட உட்காராமல் துறுதுறுவென்று திரிவதையும், மற்றது மூலையில் புத்தகத்தோடு மணிக்கணக்கில் ஒடுங்குவதையும் பார்த்த தாய்க்கு இதைச் சொல்ல ஆய்வே தேவையில்லை.

ஓய்வை நாடுவதிலும் குற்றம் ஒன்றும் இல்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்கள் பகலில் ஏறக்குறைய பத்து மணிநேரம் ஓய்வாகவே இருக்கிறார்கள், பெரும்பாலும் குந்தியோ தரையிலோ. தேவை வந்தால் மைல்கணக்கில் நடப்பார்கள். தேவையில்லாமல் ஓடுவதில்லை. கிடைத்த உணவைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்தச் சிக்கனம் மனித உடம்பின் பழைய சுபாவம். சமயம் பார்த்துச் சும்மா இருக்கத் தெரிந்ததால்தான் நம் முன்னோர் பிழைத்தார்கள்.

மாறியது உடம்பைச் சுற்றியுள்ள உலகம். நடையைக் கேட்ட வேலைகளில் பல இன்று நாற்காலியைக் கேட்கின்றன. நடக்கலாம் என்று கிளம்பினாலோ நடைபாதையில் மின்மாற்றி, இருசக்கர வண்டிகள், மூடியில்லாத சாக்கடை. இந்த நிலையில் ஒருவரை ‘மனசு வைத்தால் முடியாதா’ என்று கேட்பது அநியாயம்.

மனசுக்கு முன்னால் இடம் வேண்டும் என்பதைச் சென்னையே காட்டியிருக்கிறது. 1990களின் நடுவில் டாக்டர் வி. மோகனின் குழுவினர் திருமங்கலம் ஏசியாட் காலனியில் நீரிழிவு பற்றி ஆராய்ந்து, அங்குள்ளவர்களுக்கு விழிப்புணர்வும் ஊட்டினார்கள். நடக்க இடமில்லை என்று கண்ட குடியிருப்பாளர்கள் தங்கள் பணத்திலேயே ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். தொடக்கத்தில் வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14 சதவீதம். சில ஆண்டுகளில் அது ஏறக்குறைய 59 சதவீதம் ஆனது. மனிதர்கள் அதே மனிதர்கள், அவர்களுடைய மரபணுவும் அதே மரபணு. தெரிந்துகொண்டார்கள், நடக்க ஒரு பாதையும் அமைந்தது, அதில் எதிரே வந்து குசலம் விசாரிக்கும் முகங்களும் இருந்தன.

அப்படியானால் நாள் முழுக்க உடம்பால் உழைப்பவர்கள்தானே எல்லோரையும்விட நலமாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோரின் தகவல்களை வைத்து 2021இல் வெளியான ஆய்வில், ஓய்வுநேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைந்திருந்தன. வேலையில் கடுமையாக உடம்பை வருத்தியவர்களுக்கோ அவை கூடியிருந்தன. மூட்டை தூக்குபவருக்கும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்து மறுபடி தேய்ப்பவருக்கும் நிறுத்தும் உரிமை கிடையாது. இரத்த அழுத்தம் மணிக்கணக்கில் ஏறியே நிற்கிறது, உடம்பு தேறிக்கொள்ள இடைவெளி கிடைப்பதில்லை. லண்டன் நடத்துநருக்கு ஒரு படியேற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிடச் சில நிமிடங்களாவது இருந்தன. தானே தொடங்கித் தானே நிறுத்திக்கொள்ளக்கூடிய அசைவுதான் உடம்பை வளர்க்கிறது. ஒருவர் கையில் எவ்வளவு நேரம் அவருடையதாக இருக்கிறது என்பதைத்தான் நாம் அவருடைய சுறுசுறுப்பு என்றும் சோம்பல் என்றும் பெரும்பாலும் பெயரிட்டு அழைக்கிறோம்.

போதிய உடலசைவு இல்லாதவர்கள் இந்திய ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம் என்பது 2022ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. விடிந்தது முதல் படுக்கும்வரை நின்றுகொண்டே இருக்கிற பெண்கள் இந்தக் கணக்கில் பின்தங்குவது ஏன் என்று ஒவ்வொரு வீடும் யோசிக்கலாம். காலை ஆறு மணிக்குக் கணவர் காலணி மாட்டிக்கொண்டு கிளம்ப முடிவது, அந்த நேரத்தில் மனைவி பால் காய்ச்சி, பிள்ளைக்கு டப்பா கட்டிக்கொண்டிருப்பதால்தான். அவருக்குக் கை ஒழிய பதினொரு மணி ஆகும். நான் பார்த்த பல பூங்காக்கள் அப்போது பூட்டிக் கிடக்கின்றன, மாலையில்தான் திறக்கிறார்கள். திறக்கும் நேரத்திலோ அவர் இரவுச் சமையலில் இருப்பார். கதவைப் பகலிலும் திறந்து, பாதையோரம் நிழல்மரம் வளர்த்து, உள்ளே ஒரு கழிப்பறையும் வைக்கும்படி நகராட்சியிடம் நாம் கேட்க வேண்டும். மாலைச் சமையலை வாரத்தில் மூன்று நாளாவது வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்வதற்கு யாரிடமும் மனுக்கொடுக்க வேண்டியதில்லை.