குறுங்குதிரை வளர்ப்பில் இழப்பும் பொறுப்பும்

ஓர் உயிரை விரும்பி வளர்ப்பவர், அவ்விருப்பத்தின் காரணமாகவே அவ்வுயிருக்குக் கேடு நேரும்போது அடையும் துயரம் அவருடைய பொறுப்பைக் குறைக்குமா என்பது அறவியலில் எளிதில் விடைகாண இயலாத வினாக்களுள் ஒன்று. கொல்பவரையும் ஊன் உண்பவரையும் பற்றித் தமிழ் அற நூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. கொல்லும் நோக்கம் சிறிதும் இன்றி, அன்பையே நோக்கமாகக் கொண்டு, ஆயினும் இறப்புகள் நேரும் என அறிந்தே ஓர் இனத்தைப் பெருக்குபவரின் நிலை வேறு. அந்நிலைக்குத் தெளிவான சான்றாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பரவலாக நடைபெறும் குறுங்குதிரை வளர்ப்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

முதற்கண் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது தேவையாகிறது. மட்டக்குதிரை என்னும் வழக்கு உயரம் குறைந்த குதிரைகளைப் பொதுவாகக் குறிக்கும். குறுங்குதிரை என இங்குச் சுட்டப்படுவது, பெருங்குதிரையின் உறுப்பளவு விகிதங்களை அப்படியே பெற்று, மொத்த உருவில் மட்டும் சிறுத்த இனமாகும். கை கால் குறுகித் தலை பெருத்துப் பிறக்கும் பிறவிக் குறையைக் குறிக்கக் குறள் என்னும் பழஞ்சொல் பொருத்தமாக அமைகிறது. கலித்தொகையில் கூனியோடு உரையாடும் குறளனைத் தமிழறிஞர் அறிவர். தொல்காப்பிய மரபியல் பெண்குதிரைக்குப் பெட்டை என்றும் அதன் இளமைக்குக் கன்று என்றும் பெயர் வகுத்துள்ளது. குதிரைக்குட்டி என்பதே இன்றைய பெருவழக்கு. எனினும் கன்று என்னும்போது தாயும் உடன் நினைவுக்கு வருகிறது; இப்பொருளில் தாயை மறந்துவிட இயலாது என்பதால் மரபியலின் வழக்கே இங்குப் பின்பற்றப்படுகிறது.

குதிரையின் சிறுமை ஒரு காலத்தில் தேவையின்பாற்பட்டதாக இருந்தது. 1842ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டம், பெண்களையும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவரையும் நிலத்தடிச் சுரங்கங்களில் வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்தது. அவர்கள் இழுத்த நிலக்கரி வண்டிகளை இழுக்க, தாழ்ந்த சுரங்க வழிகளுள் நுழையக்கூடிய ஷெட்லாந்துத் தீவின் மட்டக்குதிரைகள் பெருமளவில் இறக்கப்பட்டன. குழந்தைகளை மேலே ஏற்றிய சட்டமே குதிரைகளைக் கீழே இறக்கியது என்பது அறவியலார் நின்று நோக்கத்தக்க செய்தி. அர்ஜென்டினாவில் ஃபலபெல்லா குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உருவாக்கிய சிற்றினம் இதற்கு மாறாக, தேவையைவிட வியப்பையே அடிப்படையாகக் கொண்டது. 1978ஆம் ஆண்டு தோன்றிய அமெரிக்கக் குறுங்குதிரைச் சங்கம் பிடரிமயிர் முடியும் இடத்தில் 34 அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தை இனத்தின் எல்லையாக வகுத்தது. ஏனைய கூறுகள் ஏறத்தாழ ஒத்திருக்கும் இரு குதிரைகளுள் சிறியதற்கே முதன்மை தரவேண்டும் என்பதும், குறள்தன்மை உடையது தகுதியற்றது என்பதும் அச்சங்கம் வகுத்த நெறிகள். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் காணவேண்டும். ஒன்று இனத்தை மேலும் மேலும் கீழ்நோக்கி இழுக்கிறது. மற்றொன்று அவ்வாறு இழுக்கப்பட்டு எல்லை கடந்து விழுந்ததை ஏற்க மறுக்கிறது.

இவ்வளர்ப்பின் இடர்கள் ஈனும் பொழுதில்தான் முழுமையாக வெளிப்படுகின்றன. சினைக்காலம் ஏறத்தாழப் பதினொரு மாதம். பெட்டைகள் பெரும்பாலும் இரவிலேயே ஈனும். ஆகவே வளர்ப்பவர் கொட்டிலிலேயே படுத்துறங்குவதும், மடியில் ஊறும் பாலின் சுண்ணச்சத்தைச் சோதித்து நாள் கணிப்பதும், ஒளிப்படக் கருவி பொருத்தி இரவெல்லாம் கண்விழிப்பதும் உண்டு. பனிக்குடம் உடைந்தபின் அரைமணி நேரத்துக்குள் கன்று வெளிவந்தாக வேண்டும். காலம் தாழ்ந்தால் கன்றுக்கு உயிர்வளி கிட்டாது. பெருங்குதிரையாயின் மருத்துவர் கையை உள்ளே செலுத்தி, மடங்கிய காலையோ திரும்பிய கழுத்தையோ நேர்செய்வார். குறுங்குதிரையின் இடுப்பு வழி அதற்கு எளிதில் இடந்தராது. கன்றின் நெற்றியோ உடலளவுக்கு மிஞ்சிப் புடைத்திருப்பதுண்டு. சில வேளைகளில் நச்சுக்கொடி முன்னரே கழன்று, வெண்படலம் தோன்ற வேண்டிய இடத்தில் செம்படலம் தோன்றும். இதனைச் சிவப்புப் பை என்று வளர்ப்பவர்கள் வழங்குவர். அதைக் கண்ட அக்கணமே கிழித்துக் கன்றை வெளியே எடுக்கவேண்டும். மருத்துவர் வந்து சேரும்வரை காத்திருக்க இயலாது.

பிழைத்துப் பிறந்த கன்றும் முதல் நாளுக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோயெதிர்ப்புப் பொருள்களைக் குடல் ஏற்றுக்கொள்ளும் காலம் அவ்வளவே. தாயின் நிலையும் அச்சத்துக்குரியது. நிறைசினைப் பருவத்தில் உணவு குறைந்தாலோ பயணம் முதலிய அலைக்கழிப்பு நேர்ந்தாலோ உடற்கொழுப்பு கரைந்து குருதியில் பெருகி, குருதிநீர் பால்போல் கலங்கி, ஈரல் செயலிழக்கும் நோய், பிற குதிரைகளைக் காட்டிலும் மட்டக்குதிரைகளுக்கும் குறுங்குதிரைகளுக்கும் மிகுதி. கொழுத்த பெட்டைக்கு இவ்விடர் மேலும் கூடுதல் என்பர். அன்பு மிகுந்து அளவுக்கு மேல் ஊட்டியவரே பெட்டையை இந்நோய்க்கு அணிமையில் கொண்டு சேர்த்தவராகிறார்.

குறள் பிறப்பு இவற்றினும் சிக்கலானது. குருத்தெலும்பின் ஆக்கத்துக்கு இன்றியமையாத அக்ரிகன் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் நான்கு வகைப் பிறழ்வுகள் இவ்வினத்தில் கண்டறியப்பட்டுள்ளன. கெண்டக்கிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த இவ்வாய்வு 2010க்குப் பிந்தையது. பிறழ்வின் ஒரு படியை மட்டும் தாங்கிய குதிரை பார்வைக்குக் குறையற்றது. அத்தகைய இரண்டு இணையும்போது, ஒவ்வொரு கருவும் இரு படியும் பெறும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சில சேர்க்கைகளில் கரு பிறவாமலே அழிந்துவிடுகிறது. பிறப்பவை புடைத்த நெற்றியும் பொருந்தாத தாடையும் வளைந்த மூட்டுகளும் உடையனவாய், மூச்சுக்கும் நடைக்கும் இடர்ப்படுகின்றன. சோதனை இல்லாத காலத்தில் வளர்ப்பவர் இதனை முன்னறிய வழியில்லை. அறிந்தபின்பும் சிலர் மறைத்தனர். குறள் ஈன்ற பெட்டை என்னும் பெயர் பரவினால் அதன் வழிவந்த அனைத்தும் விலைபோகா. உலகின் மிகச் சிறிய குதிரை என 2006இல் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற தம்பெலினா 17.5 அங்குல உயரமே உடையது. அதுவும் ஒரு குறளே. இனத்தின் பதிவேடு தகுதியற்றது எனக் கருதும் பிறவியை உலகம் கண்டு மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சியைக் கொடியது என்று தள்ளிவிடுவதற்கில்லை. ஆயினும் குறையைக் கண்டு களிக்கும் கண்ணும் சிறுமைக்கு விலை கூட்டும் சந்தையும் ஒன்றுக்கொன்று தொலைவில் இல்லை.

விடியற்காலையில் இறந்த கன்றையும் தளர்ந்த தாயையும் அருகில் வைத்துக்கொண்டு அழும் வளர்ப்பவரின் துயரம் போலியானது அன்று. ஆங்கில மெய்யியலாளர் பெர்னார்டு வில்லியம்ஸ், தம் பிழையின்றியே ஒரு குழந்தையின் மேல் வண்டியை ஏற்ற நேர்ந்த ஓட்டுநரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செய்தவருக்கே உரிய தனிவகை வருத்தம் ஒன்று உண்டு என்றார். அருகில் நின்று கண்டவரின் இரக்கம் வேறு. தன் கை வழியாக நிகழ்ந்தது என்னும் வருத்தம் வேறு. வளர்ப்பவரின் துயரத்தை இவ்வகையில் அடக்கலாம் எனத் தோன்றும். ஆனால் வில்லியம்ஸ் காட்டிய ஓட்டுநர் அன்று சாலையில் செல்லத் தேர்ந்தாரே ஒழிய, குழந்தை குறுக்கே வரக்கூடிய சாலையைத் தேர்ந்தவர் அல்லர். வளர்ப்பவர் சிறுமையைத் தேர்ந்தவர். சிறுமையோடு ஒட்டிவரும் இடரும் அத்தேர்வின் பகுதியே. சோதனை எட்டும் தொலைவில் இருக்கும்போது அதனைச் செய்யாமல் இணைசேர்ப்பவரின் துயரத்தை ஊழின்மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. முன்பு அறியாமையாக இருந்தது இன்று அறிய மறுத்தலாக மாறியுள்ளது.

இவ்விடத்தில் எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த இணைசேர்ப்பு நிகழாதிருந்தால் அக்குறள் கன்று பிறந்தே இராது; பிறவாமையைக் காட்டிலும் குறையுடைய வாழ்வு மேலாயின், கன்றுக்குத் தீங்கு செய்தவர் யார்? 1984இல் வெளிவந்த நூலில் டெரக் பார்ஃபிட் விரித்துரைத்த சிக்கல் இதுவே. குறள் கன்றுகள் பல அன்பான பராமரிப்பில் ஆண்டுகள் சில வாழ்வதும் உண்மை. ஆனால் இவ்வாதம் கன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பெட்டையை அது தொடுவதே இல்லை. பெட்டை ஏற்கெனவே உள்ள உயிர். அதற்கு வலியும் அச்சமும் நினைவும் உண்டு. கருவுறாமல் இருந்திருந்தால் அதன் வாழ்வு வேறாக, பெரும்பாலும் நெடிதாக இருந்திருக்கும். எனவே ஒப்பிட்டுப் பார்த்துத் தீங்கு என்று சொல்லத்தக்க ஓர் உயிர் இங்கு உண்டு. வளர்ப்பு பற்றிய உரையாடல்கள் இழந்த கன்றின் மேலேயே நிற்பதும், மறு ஆண்டும் சினைப்படுத்தப்படும் தாயின் மேல் செல்லாதிருப்பதும் இதனாலேயே வியப்பளிக்கின்றன. மரபணுச் சோதனை குறள் பிறப்பைத் தடுக்கலாம். இடுப்பின் குறுக்கத்தை அது அகலப்படுத்தாது.

இனி இழப்பு என்னும் சொல்லை நோக்கலாம். கன்றை இழந்தேன் என்று வளர்ப்பவர் கூறுகையில் இழந்தவர் அவர்; கன்று இழக்கப்பட்ட பொருள். உயிரை இழந்தது கன்று என்னும் தொடரில் எழுவாய் மாறிவிடுகிறது. புறநானூற்றில் இவ்விரு பார்வைகளும் இடம்பெற்றுள்ளன. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியிடம் பாடிய 28ஆம் பாட்டு, குறளும் உறுப்பற்ற ஊன்பிண்டமும் உள்ளிட்ட எட்டுக் குறைப்பிறப்புகளை எண்ணி, அவற்றால் ஊதியம் இல்லை என முன்னோர் கூறியதை எடுத்துரைக்கிறது. ஊதியம் என்னும் சொல் வளர்ப்பவரின் கணக்கேட்டுக்கு மிக அணித்தானது. சேரமான் கணைக்கால் இரும்பொறைக்கு உரியதாகக் கூறப்படும் 74ஆம் பாட்டோ, குழந்தை இறந்து பிறப்பினும் வடிவற்ற தசைப்பிண்டமாகப் பிறப்பினும் அதனை ஆள் அன்று என ஒதுக்காமல் வாளால் பிளந்து அடக்கும் மறக்குடி வழக்கைக் காட்டுகிறது. இது அருள் பற்றிய பாட்டு அன்று. போரில் இறவாத உடலுக்கும் போர்ப்புண் வேண்டும் என்னும் மற உணர்வே அதன் அடிப்படை. அவ்வழக்கத்தை இன்று எவரும் விரும்பார். என்றாலும் உருப்பெறாத பிறப்பையும் கணக்கில் வைத்த ஒரு சமூகத்தின் கண் அதில் தெரிகிறது. ஊதியம் எதுவும் இல்லாத பிறப்பு அங்கு ஆளாகவே எண்ணப்படுகிறது.

குறுங்குதிரைப் பதிவேடு இத்தகைய கண் உடையது அன்று. நின்று நடந்து, அளவுக்கு உட்பட்டு, குறையின்றி வளர்ந்தவற்றின் ஏடு அது. ஒரு பொலிகுதிரையின் பெயருக்குக் கீழே வென்ற பரிசுகளும் பிறந்த கன்றுகளும் நிரலே வரும். அதனால் கருவுற்று ஈனுகையில் மாண்ட பெட்டைகள் அந்நிரலில் இல்லை. வாங்க வருபவர் பார்ப்பது இந்த நிரலையே. சோதனை செய்து, பிறழ்வு தாங்கிய குதிரையைப் பிறழ்வற்றதனோடு மட்டும் இணைக்கும் வளர்ப்பவர்களும், இரண்டு முறை இடர்ப்பட்ட பெட்டையைப் பின்னர்ச் சினைப்படுத்தாது மேய்ச்சலில் விட்டுவிடுபவர்களும் உளர். அவ்வாறு விடப்பட்ட பெட்டைக்கு ஏட்டில் அதன்பின் வரி எதுவும் எழுதப்படுவதில்லை; அது ஏன் விடப்பட்டது என்பது அதன் மகளை விலைக்கு வாங்குபவருக்கும் தெரிய வழியில்லை.